கம்பெனிகளின் ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று மத்திய மந்திரி சபையார் ஒரு லட்சம் கோடி ரூபாய் முதல் கொண்ட திட்டம் ஒன்றுக்குச் சம்மதம் அளித்தனர். தனியார் கம்பெனிகள் ஆராய்ச்சியிலும் புதிய உற்பத்தி முறைகளிலும் துணிந்து இறங்கும் பொருட்டு, நீண்ட தவணையில் குறைந்த வட்டிக்கோ வட்டியின்றியோ கடன் கொடுப்பதும், சிலவிடங்களில் பங்கு முதலாகச் சேர்வதும் அத்திட்டத்தின் நோக்கம். ஒரு முயற்சிக்கு மதிப்பிடப்படும் செலவில் பாதிவரை அந்நிதியிலிருந்து பெறலாம். மின்சக்தி, யந்திர நுட்பம், மருந்து, உயிரியல் தொழில் என்ற பல துறைகளுடன் விவசாயத்தைச் சார்ந்த புதுத் தொழில்களும் அதனுள் அடங்குகின்றன. பட்டணத்துப் பத்திரிகைகள் இதைக் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதின. நம் கிராமங்களிலோ இச்செய்தி உரிய கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. பெறாததில் வியப்பில்லை, கம்பெனியாராகிய ஒரு கூட்டத்தார்க்கும் சர்க்காருக்கும் இடையேயுள்ள விவகாரம் இது, நமக்கு இதில் என்ன என்று நம்மவர் நினைப்பது இயல்பே.

அந்நினைப்பு சரியன்று என்பதைக் காட்டுவதே இவ்வியாசத்தின் கருத்து. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்ற காரணத்தால், சர்க்கார் கஜானாவில் குடியானவனுக்குப் பங்கு இல்லை என்று சொல்வோர் உண்டு. டீசல் வாங்கும்போதும், பூச்சி மருந்து வாங்கும்போதும், மோட்டார் பம்பு வாங்கும்போதும், வீட்டுக்குச் சோப்பும் செருப்பும் வாங்கும்போதும் அவன் கொடுக்கும் வரியை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றியும், கம்பெனி ஆராய்ச்சியின் விளைவாகச் சந்தைக்கு வரும் விதை, மருந்து, யந்திரம் ஆகியவற்றை இறுதியில் விலை கொடுத்து வாங்குகிறவன் அவனே. முதலில் வரியாகவும் பின்னர் விலையாகவும் இருமுறை பணம் கொடுப்பவன், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது தவறாகாது.

கம்பெனியின் ஆராய்ச்சிக்குச் சர்க்கார் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது முதற் கேள்வி. லாபம் கருதித் தொழில் நடத்துவோர் ஆராய்ச்சியையும் தம் சொந்தப் பணத்தில் நடத்திக்கொள்ளட்டுமே என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆயினும் ஆராய்ச்சி என்பது விதைத்தவனே அறுக்கும் தொழில் அன்று. வாய்க்காலின் தலைப்பில் ஒரு மிராசுதார் தம் செலவில் தூர் வாரினால், தண்ணீர் அவர் வயலோடு நின்றுவிடாது. கடைமடை வரையில் எல்லோர் வயலுக்கும் பாயும். எல்லோருக்கும் பாய்வதால்தான் தனியொருவர் அதைச் செய்ய முன்வருவதில்லை. முற்காலத்தில் குடிமராமத்து ஏற்பட்டதற்கும், பின்னர் சர்க்கார் மராமத்து ஏற்பட்டதற்கும் காரணம் இதுவே. ஆராய்ச்சியிலும் இப்படித்தான். பத்துச் சோதனைகளில் ஒன்பது வீணாகிப் பத்தாவது பலிக்கும். பலித்த உடனே அதைப் பக்கத்துக் கம்பெனி பார்த்துச் செய்துவிடும். ஒன்பதுக்கும் செலவு செய்தவனுக்கு அது திரும்பி வருவதில்லை. சோதனையை ஈடாக வைத்துக்கொண்டு எந்தப் பாங்கியும் கடன் கொடுப்பதுமில்லை. ஆகவே தனியாரிடமே முற்றும் விட்டுவிட்டால், தேசத்துக்கு வேண்டிய அளவு ஆராய்ச்சி நடைபெறாது. இந்தியாவில் ஆராய்ச்சிக்கு ஆகும் மொத்தச் செலவு 2020-21-ஆம் வருஷக் கணக்கின்படி தேசத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 0.64 பங்கு, அதிலும் தனியார் தொழில் துறையின் பாகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் சீனத்திலும் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தொழிற்சாலைகளே செலவிடுகின்றன. இந்நிலையில் சர்க்கார் கைகொடுக்க முன்வந்ததை நாம் குறை கூறவில்லை. கை கொடுக்கும் விதத்தைப் பற்றியே நமது விசாரம்.

எந்த ஆராய்ச்சியைக் கம்பெனி விரும்பும், எதை விரும்பாது என்பதை விதையைக் கொண்டே எளிதில் அறியலாம். நெல் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஒருமுறை நல்ல ரகம் கைக்கு வந்துவிட்டால், குடியானவன் தன் களத்து நெல்லிலேயே விதை எடுத்து வைத்துக்கொள்வான்; மைத்துனனுக்கும் கொடுப்பான்; அடுத்த ஊர்க்காரன் படிக்குப் படி மாற்றிக்கொண்டு போவான். விதையை விற்ற கம்பெனிக்கு ஒரு வருஷ வியாபாரத்துக்கு மேல் இல்லை. ஆகையால் நெல் ரகங்களை விருத்தி செய்யும் வேலையைத் தொடக்கமுதல் சர்க்கார் பண்ணைகளே செய்துவந்தன. கோயமுத்தூரில் 1912-ஆம் வருஷம் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921-இல் வெளிவந்த ஜி.ஈ.பி. 24 என்னும் ரகத்தைக் கிச்சிலிச் சம்பா என்ற பெயரால் நம்மவர் அறிவர். அது தானும் பல காலம் பயிராகி, பிற்கால ரகங்கள் பலவற்றிற்குத் தாயாகவும் நின்றது. ஆந்திர தேசத்துப் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளியான பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரியின் வம்சத்திலும் ஜி.ஈ.பி. 24 உண்டு. அறுபத்தைந்து வருஷம் கழித்துப் பலன் தரும் வேலையில் எந்தக் கம்பெனியின் டைரக்டர் பணம் போடுவார்? போட்டாலும் அவருடைய பங்குதாரர்கள் பொறுப்பார்களா?

வீரிய ஒட்டு ரகங்களின் விஷயம் வேறு. மக்காச்சோளம், கம்பு, பருத்தி முதலியவற்றில் இரு வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கும் முதல் தலைமுறை விதை மிகுந்த வீரியத்தோடு விளையும். அதன் மகசூலிலிருந்து எடுத்த விதையை மறு வருஷம் விதைத்தால் அந்த வீரியம் குன்றிப் பயிர் ஒரு சீராக வராது. ஆகவே குடியானவன் ஆண்டுதோறும் கடைக்கு வந்தே தீர வேண்டும். கம்பெனிகள் இவ்வகைப் பயிர்களில் ஆர்வம் காட்டும் காரணம் இதுவன்றி வேறில்லை. இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. வியாபாரி வியாபாரத்தைத்தான் பார்ப்பான். ஆனால் இவ்வழியையும் முதலில் திறந்து வைத்தவை பொது ஸ்தாபனங்களே என்பதை மறத்தலாகாது. கம்பில் எச்.பி. 1 என்னும் முதல் ஒட்டு ரகம் 1965-இல் லூதியானாவில் உருவாயிற்று. அதன் தாய் வரிசை அமெரிக்காவின் ஜார்ஜியா ராஜ்யத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இலவசமாக வந்தது. பருத்தியில் எச். 4 என்னும் ஒட்டு ரகத்தை 1970-இல் சூரத் நகரத்து விவசாயப் பண்ணையில் ஸ்ரீ சி.டி. பட்டேல் அவர்கள் வெளியிட்டார்கள். வியாபார முறையில் பருத்தி ஒட்டு விதை பயிரானது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பின்னர் 1988-ஆம் வருஷத்திய விதைக் கொள்கையினால் தனியார்க்குக் கதவு அகலத் திறந்தது.

கரும்பின் சரித்திரத்தை இங்கே சற்று விரித்துச் சொல்வது அவசியம். தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை இதைப்போல் தெளிவாகக் காட்டும் பயிர் நம் தேசத்தில் வேறில்லை. வட இந்தியாவில் கரும்பு எளிதில் பூத்து விதை வைப்பதில்லை. கோயமுத்தூர் சீதோஷ்ணத்தில் நன்றாகப் பூக்கும். அதனாலேயே 1912-இல் கரும்பு விருத்தி நிலையம் கோயமுத்தூரில் நிறுவப்பட்டது. டாக்டர் பார்பரும், அவருக்குப் பின் ஸர் டி.எஸ். வெங்கட்டராமன் அவர்களும் அதை நடத்தினார்கள். வெள்ளை என்ற தடித்த உள்நாட்டுக் கரும்பையும், ஆற்றோரங்களில் தானே முளைக்கும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பையும் கலந்து பிறந்ததே கோ. 205. 1918-இல் அது பஞ்சாபுக்குச் சென்றது. சர்க்கரையே இல்லாத புல்லோடு கரும்பைக் கலப்பதாவது என்று அக்காலத்தில் நகைத்தவர்களும் உண்டு; குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை அந்தப் புல்லிலிருந்துதான் வந்தது. பின்னர் 1933-இல் வெளியான கோ. 419 தென்னிந்தியாவெங்கும் பல காலம் கொடிகட்டி ஆண்டது.

இந்நிலையத்துக்குச் செலவு செய்தது பொதுக் கஜானா. பலன் அடைந்தவர்களில் விவசாயிகளோடு ஆலைக்காரர்களும் உண்டு. 1932-ஆம் வருஷத்திய சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தால் ஜாவாச் சர்க்கரைக்குக் கனத்த வரி விதிக்கப்பட்டது. அதற்கு முன் முப்பதுக்குச் சற்று மேலாயிருந்த ஆலைகளின் தொகை ஐந்தே வருஷங்களில் 130-ஐத் தாண்டிவிட்டது. வரிச்சுவர் சர்க்கார் எழுப்பியது. கரும்பு சர்க்கார் நிலையத்தில் பிறந்தது. லாபம் மட்டும் ஆலைகளின் கணக்கில் ஏறிற்று என்று அக்காலத்தில் முணுமுணுத்தவர்களை முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது.

அதே காலத்து ஜாவாவில் நடந்தது வேறு விதம். 1880-க்குப் பின் ஸெரே என்னும் நோய் கரும்புத் தோட்டங்களைப் பாழாக்கியபொழுது, ஆலைக்காரர்கள் தாங்களே பணம் சேர்த்து ஆராய்ச்சி நிலையங்களை நிறுவினார்கள். பாஸுருவான் என்னும் ஊரில் 1887-இல் ஏற்பட்ட நிலையம் அவற்றுள் கீர்த்தி பெற்றது. அங்கு 1921-இல் பிறந்த பி.ஓ.ஜே. 2878 பத்து வருஷங்களுக்குள் அத்தீவின் கரும்பு நிலம் முழுவதையுமே பிடித்துக்கொண்டது என்னலாம். தொழிலாளரான முதலாளிகள் மனம் வைத்தால் ஆராய்ச்சியைத் தாமே நடத்த முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜாவாவில் ஆலைகள் குடிகளின் நன்செய்களைக் குத்தகைக்குப் பிடித்துத் தாங்களே கரும்பு வைத்தன. நிலத்துக்குடையவனுக்கு வேண்டியது எது என்று அந்த நிலையம் ஆராய்ச்சி செய்யவில்லை. அதைச் செய்யச் சொல்வார் அந்தச் சபையில் எவருமில்லை. யார் பணம் போடுகிறார்களோ அவர்களுடைய கேள்விக்குத்தான் ஆராய்ச்சி பதில் தேடும். இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் எஞ்சிய விவகாரம் யாவும் எளிதில் விளங்கும்.

சமீப காலத்துக்கும் கரும்பே உதாரணம். 2009-இல் வெளியான கோ. 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்தது. விளைச்சல் ஏறியது, ஆலைகளுக்குச் சர்க்கரைக் கட்டுமானமும் ஏறியது. இருவர்க்கும் லாபமாயிருந்தபடியால், ஒரே ரகத்தை இவ்வளவு பரவவிடலாகாது என்ற எச்சரிக்கையைக் கேட்பார் குறைந்தனர். செவ்வழுகல் நோய் வந்து பற்றியபின் அவசர அவசரமாக மாற்று ரகம் தேட நேர்ந்தது. கோ. 0238 ஆலைகளுக்கு ஈட்டித்தந்த லாபத்தில் ஒரு சிறு பகுதியாவது வருஷந்தோறும் நோய் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டிருந்தால், இந்த அவசரம் வந்திராது என்பது நமது அபிப்பிராயம்.

அப்படி ஒதுக்கும் வழக்கம் நம் தேசத்துக்குப் புதிதன்று. 1921-இல் இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டி ஏற்பட்டது. 1923-ஆம் வருஷத்திய சட்டத்தின்படி ஆலைகளில் நூற்கும் ஒவ்வொரு பேலுக்கும், கப்பலேறும் ஒவ்வொரு பேலுக்கும் சிறு தீர்வை விதித்து, அத்தொகையைப் பருத்தி ஆராய்ச்சிக்கே செலவிட்டார்கள். பம்பாய் மாதுங்காவில் நூற்புச் சோதனைச் சாலையும், இந்தூரில் ஸர் ஆல்பர்ட் ஹோவார்டு நடத்திய பயிர் ஆராய்ச்சி நிலையமும் 1924-இல் அப்பணத்தின் உதவியால் எழுந்தவை. கமிட்டியில் சர்க்கார் நிபுணர், ஆலைக்காரர், வியாபாரி, விவசாயி எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விவசாயப் பிரதிநிதிகள் நியமனம் பெற்றவர்களேயன்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது மெய்; இருந்தும் அவர்களுக்கு ஒரு நாற்காலியாவது இருந்தது. 1960-க்களின் நடுவில் இத்தகைய பயிர்க் கமிட்டிகள் கலைக்கப்பட்டு, அவற்றின் வேலைகள் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கௌன்சிலிடம் ஒப்புவிக்கப்பட்டன. நிர்வாகம் ஒழுங்குபட்டது, நாற்காலி போயிற்று.

தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிக்குச் சர்க்கார் உதவும் முறையில் இங்கிலாந்தின் அனுபவமும் கவனிக்கத் தக்கது. 1914-இல் மூண்ட மகா யுத்தத்தில், சாயத்துக்கும் கண்ணாடி வில்லைக்கும் இதுவரை சத்துருவான ஜெர்மனியையே நம்பியிருந்தோமே என்று அத்தேசத்தார் திடுக்கிட்டு, 1916-இல் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி இலாகாவை நிறுவினார்கள். பார்லிமெண்டு பத்து லட்சம் பவுன் ஒதுக்கிற்று. அதைத் தனித்தனிக் கம்பெனிக்குப் பகிர்ந்து கொடுக்கவில்லை. ஒரே தொழிலைச் செய்யும் கம்பெனிகள் கூடிச் சங்கம் அமைத்துத் தாங்களும் பணம் போட வேண்டும். அவர்கள் போடுவதற்கு ஈடாகச் சர்க்கார் போடும். விளைவு அங்கத்தினர் எல்லோருக்கும் பொது என்பது ஷரத்து. சில வருஷங்களில் சங்கங்கள் சொந்தக் காலில் நின்றுவிடும், உதவியை நிறுத்திவிடலாம் என்று கருதினார்கள். அது நடக்கவில்லை, மானியத்தைத் தொடர்ந்து கொடுக்கவே நேர்ந்தது. சர்க்கார் உதவிக்குக் கெடு வைப்பது எளிது, கெடுவைக் காப்பது எளிதன்று. ஆயினும் முறை நல்ல முறை. நம் தேசத்திலும் ஆமதாபாத் ஆலைக்காரர்கள் 1947-இலும், தென்னிந்திய ஆலைக்காரர்கள் கோயமுத்தூரில் 1956-இலும் இம்முறையில் நெசவுத் தொழில் ஆராய்ச்சிச் சங்கங்களை ஏற்படுத்தினார்கள். கோயமுத்தூர்ச் சங்கத்தின் உதவியால் தனக்கென நிபுணரை வைத்துக்கொள்ள இயலாத சிறு நூற்பு ஆலைகளும் பஞ்சின் தரத்தையும் யந்திரத்தின் பழுதையும் சோதித்து அறிகின்றன. பம்பும் கலப்பையும் கதிரடிக்கும் யந்திரமும் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இதைக்காட்டிலும் ஏற்ற ஏற்பாடு வேறில்லை. மின்சாரத்தை அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும் பம்பு ஒன்றினால் குடியானவனும் நஷ்டப்படுகிறான், இலவச மின்சாரம் கொடுக்கும் சர்க்காரும் நஷ்டப்படுகிறது. அப்பம்பைத் திருத்தும் ஆராய்ச்சியைப் பத்து ஆட்களை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் தனியே எப்படிச் செய்வார்?

இதற்கு நேர் மாறானது வரிச் சலுகை முறை. 1961-ஆம் வருஷத்திய வருமான வரிச் சட்டத்தில் கம்பெனிகளின் சொந்த ஆராய்ச்சிச் செலவுக்கு விசேஷக் கழிவு ஏற்பட்டிருந்தது. 2010-11 முதல் சில வருஷங்கள் நூறு ரூபாய் செலவுக்கு இருநூறு ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. வரி நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொண்டால், சாதாரணச் செலவுக்கு முப்பது ரூபாய் மிச்சமாகும் இடத்தில் இதற்கு அறுபது மிச்சமாகும். அதாவது கம்பெனி செலவிட்ட நூறில் முப்பது ரூபாயைப் பொதுக் கஜானா கூடுதலாகச் சுமந்தது. 2017-18 முதல் கழிவு நூற்றைம்பதாகவும், 2020-21 முதல் வெறும் நூறாகவும் குறைக்கப்பட்டது. குறைத்ததைப் பற்றித் தொழிலதிபர்கள் மிகவும் வருந்தினார்கள். நாம் வருந்தவில்லை. வரிச் சலுகை லாபமுள்ளவனுக்கே உதவும். வரி கட்டும் அளவுக்கு இன்னும் லாபம் வராத புதுக் கம்பெனிக்கு அதனால் ஒரு காசும் பயனில்லை. மேலும் எந்தப் பயிர், எந்த நோய், எந்த ஜில்லா என்று சர்க்கார் ஒரு வார்த்தை சொல்வதற்கு அதில் இடமில்லை. சோதனைச் சாலைக்கு வாங்கிய சாமான் எது, தொழிற்சாலைக்கு வாங்கியது எது என்று பிரித்துப் பார்க்கும் தொல்லையும் உண்டு. இவ்வகையில் பார்த்தால் 2025-ஆம் வருஷத்திய கடன் நிதி மேலானதே. கொடுப்பவன் கேள்வி கேட்கலாம். கடன் என்பதால் திரும்பியும் வரும். ஆனால் சோதனைச் சாலையில் ஓரளவு நிரூபணமான முயற்சிகளுக்கே அந்நிதி கிடைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். நிரூபணம் ஆவதற்கு முந்திய வேலையைச் செய்பவை சர்வகலாசாலைகளும் சர்க்கார் பண்ணைகளுமே. ஊற்றுக்கண்ணைத் தூர்க்க விட்டுவிட்டு ஏற்றத்துக்கு மட்டும் புதுச் சால் வாங்குவதாய் இது முடியலாகாது.

ஷரத்துகளை முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பருத்தியே சாட்சி. காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்திக்கு 2002-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அனுமதி கிடைத்தது. அந்நிய தேசத்துக் கம்பெனி ஒன்றின் கண்டுபிடிப்பு அது. சில வருஷங்களில் நாட்டின் பருத்தி நிலம் ஏறக்குறைய முழுவதும் அதற்கு மாறிற்று. மருந்தடிக்கும் செலவு தொடக்கத்தில் குறைந்தது மெய். இதைக் கண்ட குடியானவர்கள்தாம் விரும்பி வாங்கினார்கள். ஆனால் விதை விலையிலே அக்கண்டுபிடிப்புக்கென்று ஒரு தொகை சேர்ந்தது. அது மிகுதி என்று ஆந்திர தேசம் முதலியவற்றில் சண்டை மூண்டது. வழக்குகள் நடந்தன. 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு உத்தரவைப் பிறப்பித்தது. கண்டுபிடிப்புத் தொகை 2016-இல் ஒரு பொட்டலத்துக்கு 49 ரூபாயாகவும், 2018-இல் 39 ஆகவும், 2019-இல் 20 ஆகவும் இறங்கி, 2020-இல் ஒன்றுமில்லாமல் போயிற்று. இதற்கிடையில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்பருத்தியையும் தின்னப் பழகிக்கொண்டது. ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவனுக்குப் பலன் கிட்டாத தேசம் இது என்று கம்பெனிகள் குறை கூறுகின்றன. பல வருஷங்கள் கொள்ளை கொடுத்தோம் என்று விவசாயிகள் குறை கூறுகிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இடையில் விலையைக் கட்டுவதைக்காட்டிலும், ஆரம்பத்திலேயே இன்ன தொகை இத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தம் செய்திருந்தால் இரு திறத்தார்க்கும் நன்றாயிருந்திருக்கும். சர்க்கார் பணம் பெறாத கம்பெனியிடம் அத்தகைய ஒப்பந்தம் கேட்பது கடினம். பணம் பெறுகிற கம்பெனியிடம் கேட்பதில் என்ன கடினம்?

ஆகவே புதிய நிதியிலிருந்து விதை, மருந்து, விவசாய யந்திரம் ஆகியவற்றிற்காகக் கடன் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியின் பெயரும், எந்தப் பயிருக்காக எவ்வளவு வாங்கிற்று என்பதும், வருஷ முடிவில் என்ன நடந்தது என்பதும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். பலிக்காத சோதனையை வெளியிடுவதில் வெட்கம் எதுவுமில்லை. சர்க்கார் பண்ணையிலோ சர்வதேச நிலையத்திலோ பிறந்த தாய் வரிசைகளைக் கொண்டு ஒட்டு விதை செய்கிற கம்பெனி அதற்குரிய கட்டணத்தை அந்நிலையத்துக்குச் செலுத்துவது முறை. ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் 2000-ஆம் வருஷம் முதலே கம்பு, சோளம் முதலியவற்றில் விதைக் கம்பெனிகள் கூட்டாகச் சந்தாக் கட்டித் தாய் வரிசைகளைப் பெறும் ஏற்பாடு நடந்துவந்திருக்கிறது. கம்பெனிகளுக்கு அது பாரமாயிருந்ததாகத் தெரியவில்லை. இங்கும் செய்யலாம்.

வரகு, சாமை, குதிரைவாலி, கொள்ளு, நாட்டு நிலக்கடலை போன்றவற்றை எந்தக் கம்பெனியும் தொடாது. தொடாதவற்றுக்குக் கடன் நிதியைக் காட்டிப் பயனில்லை. இவை முழுவதும் சர்க்கார் பண்ணைகளின் பொறுப்பு. கம்பெனிகளுக்குத்தான் நிதி கொடுத்தாயிற்றே என்று பண்ணைகளில் காலியாகும் நிபுணர் பதவிகளை நிரப்பாமல் விடுவதைப்போல் விவசாயிக்குச் செய்யக்கூடிய தீங்கு வேறொன்றில்லை. பயிர்க் கமிட்டிகளோடு போன அந்த நாற்காலியைத் திரும்பக் கேட்பதும் நம் கடமை. புதிய நிதியைப் பங்கிடும் சபைகளில் பாங்கி நிபுணரும் தொழில் நிபுணரும் மாத்திரம் இருந்தால், கேள்விகளும் அவர்களுடையவையாகவே இருக்கும்.

கிராம அதிகாரிகளுக்குத் தனியே சில வார்த்தைகள். கம்பெனிகளின் வயல் சோதனைகள் இனி மிகுதியாக நம் ஊர்களுக்கு வரும். ஏஜெண்டு ஒருவர் வந்து பத்து மூட்டை விதையை இனாமாகக் கொடுத்து, விளைச்சலைப் படம் பிடித்துக்கொண்டு போவதுதான் சோதனை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். எந்தச் சர்வே நம்பரில், யாருடைய நிலத்தில், என்ன விதை, எந்தத் தேதியில் விதைக்கப்பட்டது, பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உள்ளூர் ரகம் விதைக்கப்பட்டதா, பயிர் கெட்டால் நஷ்டம் யாருடையது என்பனவற்றை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும்படி நிலச்சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். அடங்கலில் பயிரின் பெயரைப் பதியும்போது ரகத்தையும் தனியே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், பின்னர் தகராறு வரும் காலத்தில் அது உதவும். விதை பயனளிக்காமற்போனால் குடியானவனும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. 2001-ஆம் வருஷத்திய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, பதிவான ரகத்தை விற்கும் கம்பெனி இன்ன நிலையில் இவ்வளவு விளையும் என்று தெரிவிக்க வேண்டும். விளையாவிட்டால் நஷ்ட ஈடு கோரலாம். தன் மகசூலிலிருந்து விதை வைத்துக்கொள்ளவும், விதைக்கவும், கொடுத்து மாற்றவும், கம்பெனிப் பெயரிடாமல் விற்கவும் குடியானவனுக்குள்ள பாத்தியதையையும் அதே பிரிவு உறுதி செய்கிறது. 2019-இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட குடியானவர்கள்மீது பெப்ஸி கம்பெனி வழக்குத் தொடுத்துப் பின்னர் வாபஸ் பெற நேர்ந்தது; அப்பொழுது குடியானவர்களுக்காகப் பேசினோர் எடுத்துக் காட்டியது இந்தப் பிரிவையே.

பரம்பரையாக ஒரு கிராமத்தார் காப்பாற்றி வந்த ரகத்தையும் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. அந்த ரகத்தைக்கொண்டு கம்பெனி ஒன்று புதியதைச் செய்து பதிவு செய்தால், லாபத்தில் பங்கு கேட்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது. அவ்வாறு கேட்பதற்கு முதலில் அது இன்ன ஊரில் இன்னாரால் பயிரிடப்பட்டது என்ற ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைச் சேகரித்து வைக்கக்கூடியவர் கிராமக் கணக்கைப் பார்க்கும் அதிகாரியைத் தவிர வேறு யார்? ஊருக்கு இரண்டு ரகம் இருந்தாலும் போதும். வரும் விதைப்பருவத்திலேயே பெயர், குணம், பயிரிடுவோர், எத்தனை தலைமுறையாக என்பனவற்றை எழுதி ஜில்லா விவசாய அதிகாரிக்கு அனுப்பிவைக்கலாம்.